ஓபரா பாடகியர் நினைவுப் பொருட்கள்: பெயரைப் பார்க்கும் முன் காலத்தைப் பாருங்கள்

1850 செப்டம்பர் 11, புதன்கிழமை. ஸ்வீடன் பாடகி ஜென்னி லிண்டின் முதல் அமெரிக்கக் கச்சேரி நியூயார்க் காசில் கார்டனில் நடந்தது. அதன் முதல் டிக்கெட்டை ஜான் ஜெனின் என்ற தொப்பி வியாபாரி 225 டாலருக்கு ஏலம் எடுத்தார். ஏற்பாட்டாளர் பி. டி. பார்னம் செய்த விளம்பரத்தில் கையுறை முதல் நாற்காலி வரை எல்லாவற்றிலும் லிண்டின் பெயர் ஏறியது. அந்தப் பயணத்தின் அச்சுத் தாள்கள் இன்றும் விலைக்கு வருகின்றன. பிற்கால நகல்களும் கூடவே வருகின்றன. நகல் என்று தெரிந்து வாங்கினால் பாதகமில்லை. தெரியாமல் வாங்கிவிட்டுப் பிறகு மதிப்பீட்டுக்குக் கொண்டுவருவதுதான் வேதனை.

லிண்ட் 1849 மே மாதத்திலேயே ஓபரா மேடையை, அதாவது வேடமிட்டுப் பாடி நடிக்கும் இசை நாடகத்தை, விட்டு விலகிவிட்டார். அமெரிக்காவில் அவர் பாடியவை கச்சேரிகள் மட்டுமே. ஆகவே அங்கே அவர் ஓபரா வேடம் ஏற்றதாகச் சொல்லும் நோட்டீஸைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். 'பயணத்தில் விற்ற படம்' என்று சொல்லப்படும் சிறிய அட்டைப் புகைப்படமும் அப்படித்தான். சுமார் 64 x 100 மி.மீ. அளவுள்ள இந்த அட்டைகளுக்கு டிஸ்டெரி என்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் பாரிஸில் காப்புரிமை பெற்றது 1854இல்; லிண்ட் அமெரிக்காவை விட்டுக் கிளம்பியது 1852இல். படம் பழையதாகவே இருக்கலாம், ஆனால் பயணப் பொருளுக்கான விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. 108 x 165 மி.மீ. அளவுள்ள கேபினெட் அட்டை என்ற பெரிய புகைப்பட அட்டை அதற்கும் பிந்தியது, 1866 வாக்கில் வந்தது.

கையெழுத்திலும் காலம் பேசும். லிண்ட் 1852 பிப்ரவரியில் பாஸ்டனில் ஓட்டோ கோல்ட்ஷ்மிட்டை மணந்தார். அதன் பின் எழுதியவற்றில் கணவர் பெயரையும் சேர்த்தார். இன்னொரு ஓபரா பாடகி அடெலினா பாட்டி 1886இல் பாடகர் நிகோலினியையும், அவர் மறைந்தபின் 1899இல் பரோன் செடர்ஸ்ட்ரோமையும் மணந்தார். 1890 என்று தேதியிட்ட கடிதத்தில் 'பாட்டி-செடர்ஸ்ட்ரோம்' என்றிருந்தால் அது போலி.

நோட்டீஸ்களில் பெரிய தொல்லை, பலவற்றில் ஆண்டே இருக்காது. கிழமையும் தேதியும் மட்டும் இருக்கும். அந்தக் கிழமையில் அந்தத் தேதி வரும் ஆண்டுகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். 5, 6 அல்லது 11 ஆண்டு இடைவெளியில்தான் பெரும்பாலும் அது திரும்ப வரும். பிறகு பாடகர் வரிசையையும் அரங்கின் பெயரையும் வைத்துக் கழித்தால் ஓராண்டு நிற்கும். 'ஓபரா ஹவுஸ்' என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அமெரிக்கச் சிற்றூர்களில் நாடகத்துக்கும் சொற்பொழிவுக்கும் கட்டிய கூடங்களுக்குக்கூட மரியாதைக்காக அந்தப் பெயர் வைத்தார்கள்.

அடுத்து அச்சு. ஈய எழுத்து தாளை அழுத்தியிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பின்புறம் பார்த்தால் மேடு தெரியும். பத்து மடங்கு லென்ஸில் படம் வரிசையான புள்ளிகளாகப் பிரிந்தால் அது 1850களின் அச்சு அல்ல. பழைய லித்தோகிராஃபில், அதாவது கல்லச்சில், தெரிவது ஒழுங்கற்ற சாக்குக்கட்டிச் சொரசொரப்பு. புற ஊதா விளக்கில் தாள் பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், 1950 வாக்கில் புழக்கத்துக்கு வந்த வெளுப்பூட்டி அதில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒளிராவிட்டால் அசல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். போலி செய்பவர்கள் பழைய புத்தகங்களின் வெற்றுத்தாளைக் கிழித்தெடுத்து எழுதுவார்கள். அங்கே மடிப்புக்கோட்டைப் பாருங்கள். மடிப்பின் வெடிப்புக்குள் மை கசிந்திருந்தால், தாள் மடிந்து வெகுகாலம் கழித்து எழுதியிருக்கிறார்கள். கேபினெட் அட்டையின் கீழே உள்ள கையெழுத்தை ஸ்டூடியோ பெயரோடு ஒப்பிடுங்கள். நிறமும் தட்டைத்தன்மையும் ஒன்றாக இருந்தால் அதுவும் அச்சே. பேனா முனை அழுந்திய கோட்டின் இரு ஓரமும் கருத்து, முடிவில் மை தேங்கியிருப்பதே கையால் எழுதியது.

லிண்ட் உருவம் பதித்த சுரைக்குடுவை வடிவக் கண்ணாடிப் புட்டிகளை 20ஆம் நூற்றாண்டில் ஏராளமாக மறுபடி செய்தார்கள். கண்ணாடி தெரிந்தவரைக் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம்.

வாங்கிய பிறகு காகிதத்தையும் படத்தையும் பாலியெஸ்டர் உறையில் வையுங்கள், பி.வி.சி. உறை காலப்போக்கில் அமிலம் கக்கும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் நிலையாக இருக்கட்டும். முட்டை வெள்ளைக்கரு பூசிய அல்புமின் படங்களை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. சிறப்பு இரவுகளுக்காகப் பட்டில் அச்சிட்ட நிகழ்ச்சி நிரல்கள்தான் எல்லாவற்றிலும் பரிதாபமானவை. எடை கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றிய பட்டு, தானாகவே கீறல் கீறலாகப் பிளக்கும். அதை நிறுத்த வழியில்லை, தாமதப்படுத்தலாம்: மடிக்காமல், தொங்கவிடாமல், அமிலமற்ற தாளில் கிடத்தி, இருட்டில் வைக்க வேண்டும். கிழிந்த நோட்டீஸில் ஏற்கெனவே செல்லோடேப் ஒட்டியிருந்தால் நீங்களே பிய்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். காகிதப் பாதுகாப்பாளரிடம் கொண்டுபோகும் வரை அது அப்படியே இருக்கட்டும்.