ஆயில் சீலை மாற்றும் முன் கசிவின் காரணத்தைத் தேடுங்கள்

வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டியிருந்தால், "சீல் போயிருக்கும், மாற்றிவிடுங்கள்" என்று முடிவு செய்துகொண்டுதான் பலர் பட்டறைக்கு வருகிறார்கள். சீல் என்பது, சுற்றும் தண்டைச் சுற்றி உட்கார்ந்து ஆயில் வெளியே வராமல் தடுக்கும் வளையம். எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க சீல் என்றால் அந்த முடிவுக்கு விலை அதிகம். சீல் சில நூறு ரூபாய்தான். ஆனால் அதைத் தொடுவதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்ச்சையும் ஃபிளைவீலையும் கழற்ற வேண்டும். கூலிதான் பெரிய செலவு. இவ்வளவையும் செய்த பிறகு அடுத்த மாதமே அதே இடத்தில் ஆயில் சொட்டினால், வண்டிக்காரருக்கு வரும் கோபம் நியாயமானது.

ஒழுகுவது சீல்தானா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். ஆயில் கீழே வழியும், ஓடும்போது படும் காற்று அதைப் பின்னால் தள்ளும். எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கட்டிலோ ஆயில் பிரஷர் சுவிட்சிலோ கசிந்த ஆயில், எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் வந்து சொட்டும். பார்ப்பவருக்கு அது பின் சீல் போனதாகவே தோன்றும். கியர்பாக்ஸின் முன் சீல் கசிந்தாலும் இதே இடம்தான். ஆனால் கியர் ஆயிலுக்குக் கந்தக வாடை உண்டு. விரலில் தொட்டு முகர்ந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து, சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவி, 10 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். வெள்ளைப் பூச்சின் மேல் ஆயில் வந்த வழி கோடாகத் தெரியும். அந்தக் கோடு மேலே எங்கே தொடங்குகிறதோ, வேலை அங்கேதான்.

சீல்தான் என்று உறுதியானாலும், அது ஏன் போனது என்று பார்க்காமல் புதியதைப் போடக் கூடாது. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்குவது எல்லா எஞ்சினிலும் உள்ளதுதான். அது வெளியேறத்தான் பிரீதர் குழாயும் பிசிவி வால்வும் இருக்கின்றன. அந்த வழி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயிலைச் சீலின் லிப் (ஷாஃப்ட்டை உரசி நிற்கும் உள்விளிம்பு) வழியாக வெளியே தள்ளும். வேறொரு இடத்தில் பின் சீலை இரண்டு முறை மாற்றிவிட்டு எங்களிடம் வந்த ஒரு சிறிய சரக்கு வண்டியில், பிரீதர் குழாயைக் கழற்றி ஊதினால் காற்றே போகவில்லை. உள்ளே கசடு தாராக இறுகிக் கிடந்தது. அதைச் சுத்தம் செய்த பிறகு போட்ட சீல் இன்றுவரை ஒழுகவில்லை. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, வாயின் மேல் ஓர் அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். லேசாகத் துடித்தாலோ உள்ளே இழுத்தாலோ கவலையில்லை. புகையோடு அட்டையைத் தள்ளினால், முதலில் பிரீதரையும் ரிங்குகளையும் கவனிக்க வேண்டும். கேஜ் குச்சியில் மேல்கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கழற்றிய பழைய சீலைத் தூக்கி எறியாதீர்கள். அதன் லிப்பை விரலால் வளைத்துப் பாருங்கள். கட்டையாக இறுகி, வளைத்தால் வெடிக்கிறது என்றால் அதிகச் சூட்டிலோ வயதிலோ போயிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் நடுவில் ஓடவில்லை. பேரிங்கில் ஆட்டம் இருக்கலாம், சீல் சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம். ஊதிப் பருத்து மெத்தென்று இருந்தால், ஒழுகலை நிறுத்தும் என்று யாரோ ஆயிலில் ஊற்றிய மருந்தாக இருக்கலாம். அந்த வகை மருந்துகளில் பல ரப்பரை வீங்க வைத்துத்தான் கசிவை மறைக்கின்றன. தற்காலிக நிவாரணத்துக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

இனி கடைக்குப் போகலாம். சீலின் முகத்தில் 80 100 10 என்பது போல எழுதியிருக்கும்: ஷாஃப்ட்டின் விட்டம், வீட்டின் (சீல் உட்காரும் குழியின்) விட்டம், அகலம், எல்லாம் மில்லிமீட்டரில். இந்த மூன்றும் பொருந்தினால் போதும் என்று வாங்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ரப்பரின் வகையும் பொருந்த வேண்டும். சாதாரண நைட்ரைல் சுமார் 100 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், பாலிஅக்ரிலேட் 150 வரை, வைட்டான் 200 வரை. லிப் உரசும் இடத்தின் சூடு, சம்பில் (எஞ்சினின் அடித்தொட்டியில்) உள்ள ஆயிலின் சூட்டைவிட எப்போதும் அதிகம். வேகமும் உண்டு: 80 மில்லிமீட்டர் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றினால், லிப்பின் அடியில் உலோகம் விநாடிக்குச் சுமார் 17 மீட்டர் ஓடுகிறது. நைட்ரைலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு 14 மீட்டர் அளவில்தான். பழுப்பு நிறம் என்றால் வைட்டான் என்று சொல்வதை நம்பாதீர்கள். நிறத்தை எப்படி வேண்டுமானாலும் போடலாம். பாக நம்பரைக் கொண்டு வாங்குங்கள். லிப்பில் அம்புக்குறியோ சாய்வான வரிகளோ இருந்தால், அது ஷாஃப்ட் சுற்றும் திசைக்கானது. திசை மாறினால் ஆயிலை உள்ளே தள்ள வேண்டிய வரிகள் வெளியே இறைக்கும். கம்பியில் கோத்தோ ஆணியில் மாட்டியோ தொங்கவிட்ட சீல்களை வாங்கவே வேண்டாம். கம்பி அழுத்திய இடத்தில் லிப் பள்ளம் விழுந்துவிடும்.

பொருத்தும்போது முதலில் ஷாஃப்ட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய லிப் ஓடிய இடத்தில் நகம் சிக்கினால், எத்தனை நல்ல சீல் போட்டாலும் ஒழுகும். வீட்டில் இடம் இருந்தால் சீலை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைக்கலாம். இல்லையென்றால் ஷாஃப்ட்டின் மேல் ஏற்றும் மெல்லிய ஸ்லீவ் கிடைக்கிறது. ஷாஃப்ட்டைத் தேய்ப்பதானால் எமரி தாளைச் சுற்றுவாட்டில்தான் இழுக்க வேண்டும். சாய்வாக விழும் கீறல் ஆயிலை வெளியே கொண்டுவரும். லிப்பை இறுக்கிப் பிடிக்கும் சிறு ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்கட்டும். ரப்பர் லிப்பில் எஞ்சின் ஆயில் தடவுங்கள், ஷாஃப்ட்டில் சாவிப் பள்ளம் (புல்லியைப் பூட்டும் சாவிக்கான வெட்டு) இருந்தால் அதன் மேல் டேப் ஒட்டுங்கள். சீலின் வெளிவிளிம்புக்குச் சமமான குழாயையோ வளையத்தையோ வைத்து நேராக இறக்குங்கள். சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டினால் உள்ளே ஸ்பிரிங் தெறித்து விழுந்திருப்பது வெளியே தெரியாது. லிப்பில் சிலிகான் பேஸ்ட் படவே கூடாது.

இப்போதைய பல கார்களில் ஸ்பிரிங் இல்லாத டெஃப்ளான் லிப் சீல் வருகிறது. இதற்குப் பழைய பழக்கம் உதவாது. தயாரிப்பாளர் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஷாஃப்ட்டும் லிப்பும் உலர்ந்தே இருக்க வேண்டும். கூடவே வரும் பிளாஸ்டிக் வளையத்தை ஷாஃப்ட்டில் ஏற்றும்வரை எடுக்கக் கூடாது. எடுத்தால் லிப் உள்ளே சுருங்கி, ஏற்றும்போது மடங்கிவிடும். மாட்டிய பிறகு, லிப் ஷாஃப்ட்டோடு படிவதற்குச் சில மணி நேரம் விட்டு எஞ்சினை ஓட்டுங்கள்.

ஆயில் பட்ட கிளட்ச் பிளேட்டைத் துடைத்து மறுபடி மாட்டச் சொல்லாதீர்கள். கியர்பாக்ஸ் இறங்கியிருக்கும்போதே மாற்றிவிடுவது மலிவு. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில், பெல்ட் மாற்றும் அன்றே முன் கிராங்க் சீலையும் கேம் சீலையும் பார்த்து மாற்றுங்கள். அங்கே கசியும் ஆயில் பெல்ட்டின் ரப்பரை ஊற வைத்து, பல் வழுக்கினால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை இடித்து வளைத்துவிடும். பிறகு வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.