விடை திரையில் இல்லை, கோப்பில் இருக்கிறது

பாடநூலின் பகுதிகளைக் குறிச்சொற்களால் பிரித்து வைக்கும் ஒரே எக்ஸ்எம்எல் (XML) மூலத்திலிருந்து மாணவர் பதிப்பையும் ஆசிரியர் பதிப்பையும் எடுக்கும்போது, விடைகளை மறைக்கப் பலரும், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ்ஸில் (CSS) 'டிஸ்ப்ளே: நன்' (display: none, காட்டாதே) என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். திரையில் விடை தெரியாது. கோப்பில் அப்படியே இருக்கும். இபப் (EPUB) என்ற மின்னூல் ஒரு ஜிப் கோப்புதான், விரித்தால் எந்த மாணவரும் படித்துவிடலாம். இணையப் பக்கமென்றால் 'வியூ சோர்ஸ்' போதும். எழுத்தை முழுவதும் ஒளி ஊடுருவுவதாக்கும் 'ஒபாசிட்டி: 0' (opacity: 0) இன்னும் மோசம்: கண்ணுக்குத் தெரியாத விடையைத் திரைவாசிப்பான் உரக்கப் படித்துக் காட்டும். அச்சிடும்போது மெனுவை மறைப்பதற்கு சிஎஸ்எஸ் சரி. ரகசியத்துக்கு அது ஆகாது.

விடை வெளியே போகவே கூடாதென்றால், எக்ஸ்எம்எல்லை வேறு வடிவுக்கு மாற்றும் மொழியான எக்ஸ்எஸ்எல்டியில் (XSLT) நீக்குங்கள். அதில் ஒவ்வொரு மாற்ற விதியும் ஒரு டெம்ப்ளேட். எல்லாவற்றையும் அப்படியே நகலெடுக்கும் ஐடென்டிட்டி டெம்ப்ளேட் (பொது விதி) ஒன்று, விடை உறுப்புக்கு, அதாவது விடையைச் சுற்றியுள்ள குறிச்சொல்லுக்கு, எதையும் வெளியிடாத வெற்று டெம்ப்ளேட் ஒன்று. உறுப்பின் பெயரைச் சொல்லும் விதிக்கு முன்னுரிமை 0, பொது விதிக்கு -0.5, எனவே வெற்று விதியே வெல்லும். விடைக்கு விதியே எழுதாமல் விட்டால் அது மறைந்துவிடாது.

சறுக்குவது பெரும்பாலும் நேம்ஸ்பேஸில்தான் (உறுப்புப் பெயர் எந்தத் தொகுதியைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாளம்). மூல ஆவணத்தில் இயல்பு (default) நேம்ஸ்பேஸ் இருந்து, எக்ஸ்எஸ்எல்டி 1.0 விதியில் அதைக் குறிக்கும் முன்னொட்டு உறுப்புப் பெயருக்கு முன் இல்லாவிட்டால், விதி எதனோடும் பொருந்தாது. பிழைச் செய்தியும் வராது. விடைகள் முழுவதும் அச்சகம் வரை போய்விடும்! அடுத்தது, பத்தி யாருக்கானது என்று குறிச்சொல்லுக்குள் சொல்லும் பண்பில் (attribute) இரண்டு மதிப்புகள் சேர்ந்து வருவது. 'ஆசிரியர் தேர்வாளர்' என்று இருக்கும் பத்தியை, 'ஆசிரியர்' என்பதோடு சமமா என்று பார்க்கும் நிபந்தனை பிடிக்காது. பண்பின் இருபுறமும் இடைவெளி சேர்த்து, ' ஆசிரியர் ' உள்ளதா என்று 'கன்டெயின்ஸ்' (contains) செயற்கூறு கொண்டு பாருங்கள். ஐடென்டிட்டி விதி, திரையில் தெரியாத குறிப்புகளான கமென்ட்டுகளையும் நகலெடுக்கும் என்பதால், அவற்றுக்கும் ஒரு வெற்று விதி தேவை. பதிப்பாசிரியர்கள் விடைக்குறிப்பை அங்கே எழுதி வைப்பது உண்டு.

நீக்கிய பின் வரிசை எண் 1, 2, 4 என்று தாவினால், எக்ஸ்எஸ்எல்டியில் வரிசை எண் தரும் 'நம்பர்' கட்டளை, வடிகட்டிய வெளியீட்டை அல்ல, மூலத்தை எண்ணுகிறது என்று பொருள். முதல் ஓட்டத்தில் வடிகட்டி, அந்த வெளியீட்டை இரண்டாம் ஓட்டத்தில் வடிவமையுங்கள். நீக்கிய பகுதியைச் சுட்டிய இணைப்புகள் அறுந்திருப்பதும் அப்போதே தெரியும்.

அனுப்பும் முன், விடையில் மட்டும் வரும் ஒரு சொற்றொடரை மாணவர் கோப்பில் தேடுங்கள். இபப்பை விரித்த பிறகே தேட வேண்டும். சுருக்கிய நிலையில் தேடினால், விடை உள்ளே இருந்தாலும் 'இல்லை' என்றே வரும்.