‘சவால் நாணயம்’ அல்ல, படைவில்லை

காவல்நாய், மோப்பநாய் பழக்கும் நிறுவனங்கள் தொப்பி, பனியன், சாவிக்கொத்தோடு ராணுவப் பாணியில் வட்டமான ஓர் உலோகத்துண்டும் விற்கின்றன. முன்பக்கம் நாயின் தலை, பின்பக்கம் நிறுவனச் சின்னம். ஆங்கிலத்தில் சேலஞ்ச் காயின். தமிழில் பார்க்குமிடமெல்லாம் ‘சவால் நாணயம்’. கும்பகோணத்துப் பட்டறைக்குப் போகும் ஆர்டர் சீட்டிலும் அதே. அதில் சவாலும் இல்லை, நாணயமும் இல்லை.

‘சேலஞ்ச்’ லத்தீனில் ‘கலும்னியா’, அதாவது பொய்க் குற்றச்சாட்டு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, காவலாள் ‘யாரது?’ என்று மறித்துக் கேட்பதற்கும் அதே சொல். அமெரிக்கப் படைவீரர் வழக்கம் இதுதான்: ஒருவர் தன்னுடையதை எடுத்து மேசையில் தட்டுவார். கையில் இல்லாதவர் எல்லாருக்கும் மது வாங்கித் தர வேண்டும். எல்லாரிடமும் இருந்துவிட்டால் தட்டியவர் தலையில் செலவு. ஆக, ‘நீ நம்ம ஆள்தானா?’ என்ற கேள்வி. ‘சவால்’ அரபியில் கேள்விதான். அந்தப் பொருள் இங்கே நிலைத்திருந்தால் சண்டையே இல்லை. தமிழில் சவால் என்றால் தொடை தட்டுவது. தனித்தமிழ் அன்பர்கள் ‘அறைகூவல் காசு’ என்கிறார்கள். பிழையை அப்படியே வைத்துக்கொண்டு உடையை மட்டும் மாற்றுவது இது.

நாணயம்தான் பெரிய தொல்லை. நாணயம் என்றதும் பட்டறைக்காரர் பையிலிருந்து பத்து ரூபாயை எடுப்பார். அது 27 மி.மீ., எட்டு கிராமுக்கும் குறைவு. இதற்கு வழக்கமான அளவோ 44 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம், பித்தளையில் ஏறக்குறைய 35 கிராம். 27 மி.மீ.க்குள் நாயின் முகத்தை அடைத்தால் காதும் மூக்கும் ஒன்றாகிவிடும், ஒரு மி.மீ.க்குக் குறைந்த எழுத்தை எனாமல் மூடிவிடும். இன்னொன்று, திருப்பும்போது பின்பக்கம் எப்படி நிற்க வேண்டும் என்று குறிக்கும் ‘காயின் டர்ன்’ என்பதை ‘நாணயத் திருப்பு’ என்று மொழிபெயர்க்கிறார்கள். அமெரிக்கக் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாக நிற்கும். நம் ரூபாய் நேராகவே நிற்கும். சீட்டில் ‘நாணயத் திருப்பு’ என்று படிப்பவர் நம்மூர்க் காசைப் பார்த்து அச்சு வெட்டினால் ஆர்டர் கொடுத்தவர் கேட்டதற்கு நேர் எதிராக அத்தனையும் அடிபட்டு வரும். அச்சுக்கூலி போனது போனதுதான்.

‘பதக்கம்’ என்பாரும் உண்டு. பதக்கம் வீரத்துக்குக் கொடுப்பது, மார்பில் குத்துவது. இதுவோ விலைக்கு விற்பது, பையில் கிடப்பது. ‘காசு’ பரவாயில்லை, காசுமாலையில் உள்ள காசை யாரும் கடையில் நீட்டுவதில்லை. ஆனால் ‘நாய்க்காசு’ என்று எழுதிப் பாருங்கள், நாய் விற்ற காசு என்று பழமொழிதான் முதலில் வந்து நிற்கும்.

‘வில்லை’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கற்பூர வில்லை, மருந்து வில்லை. வட்டமும் தட்டையும் அதன் இயல்பு. இதைவிட முக்கியம், சேவகர் மார்புப் பட்டையான டவாலியில் தைத்த பித்தளை அடையாளமும் வில்லைதான். ‘வில்லைச்சேவகன்’ என்றே பேர். இன்ன இடத்து ஆள் என்று காட்டும் உலோகத்துண்டு. வேறென்ன வேண்டும்?

முன்னொட்டில்தான் கவனம் தேவை. ‘குழுவில்லை’ என்று சேர்த்தால் குழு இல்லை என்றாகும். ‘படைவில்லை’யில் அந்தச் சிக்கல் கிடையாது, படை இல்லை என்பது ‘படையில்லை’ என்றுதான் புணரும். போலீசார் வைத்திருப்பதையே நாய்ப்படை என்று சொல்லும் நாட்டில் தனியார் நிறுவனத்துக்கும் அது கூடுதல் இல்லை.

இதே நிறுவனங்கள் விற்கும் துணி அடையாளமான ‘பேட்ச்’சை ‘ஒட்டு’ என்கிறார்கள். ராணுவப் பாணி ஒட்டு! கிழிந்த சட்டை கண்முன் வருகிறது. ‘துணிவில்லை’ என்று நான் சொல்லமாட்டேன், காரணம் படித்தாலே தெரியும். ‘துணிச்சின்னம்’ போதும். வெல்க்ரோவின் முள் பக்கம் சின்னத்தில், பஞ்சுப் பக்கம் நாயின் மார்வாரில் என்று சீட்டில் எழுதுங்கள். மாற்றித் தைத்தால் சின்னத்தைக் கழற்றியதும் வார் முழுக்க நாய்முடி.

படைவில்லைக்குச் சீட்டு இப்படி இருக்கட்டும்: பித்தளை, 44 மி.மீ., கனம் 3 மி.மீ., பக்கவாட்டில் திருப்பினால் இரு பக்கத்துத் தலையும் மேலே.