ஒரு சிட்டிகைக் கடற்சேற்றில் பருவக்காற்று

ஆழ்கடலிலிருந்து எடுத்துவந்த படிவின் ஒரு துண்டை ஊறவைத்து, 63 மைக்ரான் சல்லடையில் மெல்லக் கழுவினால், களிமண் கரைந்தோடி வெண்மணல் போன்ற ஒரு சிட்டிகைத் துகள் மிஞ்சும். அதில் பெரும்பகுதி, ஃபொராமினிஃபெரா எனும் ஒருசெல் உயிர்கள் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கூடுகள். ஈரத் தூரிகையின் நுனியால் அவற்றைத் தொட்டெடுத்து, மாதிரிக்கு 300 கூடுகளையாவது இனம்பிரித்து எண்ணுவது எங்கள் அன்றாட வேலை.

அரபிக்கடல் படிவுகளில் நான் முதலில் தேடுவது, நான்கு உருண்டை அறைகளும் அகன்ற வாயும் கொண்ட குளோபிஜெரினா புல்லாய்டஸ் இனத்தை. குளிர்ந்த கடல்களில் பெருகும் இவ்வினம் வெப்பமண்டலத்தில் செழிப்பதற்குக் காரணம் தென்மேற்குப் பருவக்காற்றுதான். அக்காற்று ஓமான், சோமாலியா கரைகளையொட்டி வீசும்போது மேற்பரப்பு நீர் கரையை விட்டு விலகுகிறது; ஆழத்திலிருந்து குளிர்ந்த, ஊட்டம் மிகுந்த நீர் மேலெழுகிறது. காற்று வலுத்த காலத்துப் படிவில் இவ்வினத்தின் விழுக்காடு கூடுகிறது, தளர்ந்த காலத்தில் குறைகிறது. இது காற்றின் வலிமைக்கான சான்றே தவிர மழையளவு அன்று என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஓமானுக்கு அப்பால் 1987-இல் துளையிட்டு எடுக்கப்பட்ட படிவுகளில் இவ்வாறு எண்ணியபோது, சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் பருவக்காற்று இன்றைவிட வலுவாக இருந்து, பின்னர் படிப்படியாகத் தளர்ந்தது தெரியவந்தது. இன்று ஜனவரியில் சூரியனுக்கு மிக அருகில் வரும் பூமி, அக்காலத்தில் வடகோளத்தின் கோடையை ஒட்டி அவ்வாறு நெருங்கியதால், ஆசிய நிலப்பரப்பு கூடுதலாகச் சூடேறியது. அந்த நீண்ட தளர்ச்சிக்கு இடையே, வட அட்லாண்டிக் குளிர்ந்த கட்டங்களில் பருவக்காற்றும் மெலிந்திருக்கிறது. எங்கோ ஒரு கடல் குளிர்ந்ததற்கே நம் காற்று தளர்ந்தது என்பதை அறிந்த பின், "காலநிலை எப்போதும் மாறியதுதானே" என்று யாரேனும் ஆறுதல் சொன்னால் என்னால் ஏற்க முடிவதில்லை.

படிவு எனும் இந்த ஆவணத்தை வாசிப்பதற்கும் பொறுமை வேண்டும். ஆழ்கடலில் ஆயிரம் ஆண்டுகளுக்குச் சில சென்டிமீட்டரே படிவு சேர்வதாலும், புழுக்கள் அதைக் கிளறுவதாலும், ஒரே மாதிரியில் பல நூற்றாண்டுகள் கலந்துவிடக்கூடும். ஓமான் கரையோரத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த ஆழங்களில் அக்கலப்பு குறைவு என்பதாலேயே அப்படிவுகளை நாங்கள் அவ்வளவு மதிக்கிறோம். கூட்டின் வேதியியலிலும் இதே எச்சரிக்கை தேவை. 1955-இல் ஆய்வாளர் செசாரே எமிலியானி, கூடுகளிலுள்ள ஆக்சிஜன் ஐசோடோப்பு மாற்றங்களை, அதாவது கனமான, இலேசான ஆக்சிஜன் அணுக்களின் விகித மாற்றங்களை, பெரும்பாலும் கடல்நீர் வெப்பநிலையின் பதிவாகக் கொண்டார். அவற்றில் பெரும்பகுதி நிலத்தில் தேங்கிய பனிப்பாளங்களின் அளவைக் குறிப்பது என்று 1967-இல் நிக்கோலஸ் ஷாக்கிள்டன் காட்டினார்.

இதே புல்லாய்டஸ் இனத்தின் இன்றைய கூடுகள், அண்டார்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில், அங்குள்ள படிவுகளில் கிடைக்கும் தொழிற்புரட்சிக்கு முந்தைய கூடுகளைவிட 30 முதல் 35 விழுக்காடு எடை குறைந்திருப்பதை 2009-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. நாம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடைக் கடல் உட்கொண்டு அமிலத்தன்மை கூடுவதோடு இது பொருந்துகிறது.