பழைய ஜேர்மன் குத்துவாள் வாங்கப் போகிறீர்களா?

சென்ற மாதம் தெரிந்த தம்பி ஒருவர் துணியில் சுற்றிய ஒரு குத்துவாளோடு என் வேலைக்கூடத்துக்கு வந்தார். பழைய சாமான் சந்தையில் 800 யூரோ கொடுத்து வாங்கினாராம். விற்ற முதியவரின் தாத்தா ஹிட்லரின் எஸ்ஏ படையில் இருந்தவராம், போருக்குப் பிறகு வாள் பரணிலேயே கிடந்ததாம். "அண்ணை, இது ஒறிஜினலோ?"

ஜேர்மனியில் பழைய உலோகப் பொருள்களைச் சீர்செய்து வயிறு வளர்ப்பவன் நான். தாத்தா கதையைக் கேட்டவுடனேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்துவிடும். கதை உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அதை உருப்பெருக்கியால் பார்க்க முடியாதே.

வாள் எஸ்ஏ வகைதான். ஹிட்லரின் பழுப்புச் சட்டைப் படைக்கு 1933 டிசம்பரில் கொண்டுவந்தது. பழுப்பு மரக் கைப்பிடி, அதில் பதித்த, சுவஸ்திகாவைப் பிடித்த கழுகு, அலகில் 'எல்லாம் ஜேர்மனிக்காக' என்று ஜேர்மன் மொழியில் அமிலத்தால் அரித்த எழுத்து. பெரும்பாலும் சோலிங்கனில் செய்தவை. கத்திக்குப் பெயர்போன அந்த ஊரின் பெயரைக் காக்க 1938இல் தனிச் சட்டமே வந்தது. இன்றைய போலிகளிலும் தவறாமல் 'சோலிங்கன்' என்று இருக்கும், அது வேறு விஷயம்.

எல்லோரும் முதலில் தேடுவது தயாரிப்பாளர் முத்திரையை. நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன், ஏனென்றால் போலி செய்பவன் மிகவும் கவனமாகச் செய்வதும் அதைத்தான். தொடக்கத்தில் ஐக்ஹோர்ன் நிறுவனத்தின் அணில் போன்ற சின்னங்கள் இருந்தன. பிறகு நாஜிக் கட்சியின் கொள்முதல் அலுவலகம் எண் முறையைக் கொண்டுவந்தது. எம்7/66 என்றால் அதே ஐக்ஹோர்ன். இடையில் 1935-36 வாக்கில் சின்னமும் எண்ணும் ஒரே அலகில் சேர்ந்தே வந்தன. இது தெரியாமல் நல்ல வாளைப் போலி என்று ஒதுக்கியவர்களும் உண்டு.

சரி, தம்பியின் வாளுக்கு வருவோம். கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்து அலகைப் பார்த்தேன். சோலிங்கனில் கடைசி மெருகு அகலவாக்கில் போட்டார்கள். ஆகவே முடி போன்ற மெல்லிய கோடுகள் குறுக்காக ஓடவேண்டும். ஓடின. அவற்றின் மேல் நெடுக்காகச் சில நீளக் கீறல்கள். உறைக்குள் இருக்கும் வில்தகடுகள் உரசிய தடம். ஆண்டுக்கணக்காக உருவிச் செருகிய வாளில் இது இருக்கும்.

பிறகு எழுத்து. இங்கே ஒரு சின்ன வித்தை சொல்கிறேன். எழுத்து முந்தியதா, கீறல் முந்தியதா என்று பாருங்கள். பழைய எழுத்தென்றால் பின்னால் விழுந்த கீறல்கள் எழுத்தின் விளிம்பையும் கடந்து போயிருக்கும். பழைய அலகில் புதிதாக அரித்திருந்தால் எழுத்து கீறலைத் தின்றிருக்கும். ரோம் என்ற ஆளின் பெயரில் வரும் வாள்களில் இது முக்கியம். எஸ்ஏ தலைவர் எர்ன்ஸ்ட் ரோம் தன் பெயரோடு அன்பு வாசகம் பொறித்து வழங்கிய வாள்கள் அவை. 1934 ஜூன் 30க்குப் பிறகு, அவரைச் சுட்டுக் கொன்றதும், அந்த வாசகத்தைத் தேய்த்து அழிக்கச் சொன்னார்கள். முழு வாசகத்தோடு எஞ்சியவை குறைவு, விலை அதிகம். அதனால்தான் சாதாரண எஸ்ஏ வாளில் அந்த வாசகத்தைப் புதிதாக எழுதி விற்கிறார்கள்.

தம்பியின் அலகு தேறியது. அவர் முகம் மலர்ந்தது. நான் கைப்பிடிக்குப் போனேன்.

கைப்பிடியின் இரு முனையிலும் உள்ள உலோகத் துண்டுகள் தொடக்ககால வாள்களில் ஜெர்மன் சில்வர். பெயரில்தான் சில்வர், உள்ளே செம்பு, துத்தநாகம், நிக்கல். எவ்வளவு தேய்ந்தாலும் அதே நிறம். பிற்காலத்தில் மலிவான துத்தநாகக் கலவைக்கு நிக்கல் பூசினார்கள், அது கொப்பளித்து உரியும். இந்த வாளில் பூச்சு ஓரிடத்தில் உரிந்திருந்தது, ஆனால் அலகோ தொடக்ககாலத்தது. மரத்தையும் உலோகத்தையும் அந்தக் காலத்தில் ஒவ்வொன்றாகக் கையால் இழைத்துப் பொருத்தினார்கள். இங்கே இடைவெளியில் என் நகம் நுழைந்தது. கழுகைச் சுற்றி மஞ்சள் பசை. இறக்கையின் பள்ளத்தில் கறுப்பு அழுக்கு நிறைய, ஆனால் கை உரசித் தேயவேண்டிய நெஞ்சு மட்டும் கூர்மை குறையாமல் இருந்தது. தேயாமல் அழுக்காகும் பொருளை நான் இன்னும் காணவில்லை.

கடைசியாகக் கைப்பிடியின் உச்சித் திருகைக் கழற்றினேன். (நீங்கள் வீட்டில் குறடு போட்டுத் திருகவேண்டாம். அந்தக் காயமே விலையைக் குறைக்கும்.) கைப்பிடிக்குள் போகும் அலகின் வால் பழுப்பேறிக் கறுத்திருந்தது. திருகின் உட்புறம் நேற்று வாங்கியதுபோல் மின்னியது.

ஆக, பழைய அலகுக்குப் புதிய கைப்பிடி. இந்தக் கலப்பு புதிதல்ல. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை சோலிங்கனுக்குள் வந்தபோது தொழிற்சாலைகளில் பொருத்தாத உதிரிகள் கிடந்தன. ஞாபகப்பொருள் தேடிய சிப்பாய்களுக்கு அவற்றைக் கோத்துக் கொடுத்தார்கள். அந்த வியாபாரம் இன்னும் நிற்கவில்லை. முழுப் போலியைவிட இதுதான் ஆபத்து. பாதி உண்மை என்பதால் அனுபவசாலியும் வழுக்குவார்.

இன்னொன்று. தம்பி கொண்டுவருவதற்கு முதல்நாள் பித்தளை மினுக்கும் பசையால் உறையைத் தேய்த்திருந்தார். பழுப்பு வண்ணம் ஒரு பக்கம் போயே போய்விட்டது. உறை அசல். அவருக்கு அதைச் சொன்னபோதுதான் உண்மையில் வருத்தமாக இருந்தது.

"முகநூலில் போட்டு வித்துப்போடவோ, அண்ணை?" என்றார். ஜேர்மன் குற்றவியல் சட்டம் 86அ பிரிவின்படி சுவஸ்திகாவைப் பொதுவில் காட்டுவது குற்றம். ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. வீட்டில் வைத்திருப்பது வேறு. ஏல விற்பனைப் பட்டியல்களில்கூடச் சின்னத்தை மறைத்துத்தான் படம் போடுவார்கள். இதையெல்லாம் சொல்லி, அலகும் உறையும் அசல், கைப்பிடி பிற்காலம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தாளை மடித்து உறையோடு வைத்து, கொண்டுவந்த துணியிலேயே சுற்றிக்கொண்டு போனார்.