செல்லுக்குள் ஒரு பரண்

கல்லூரி நண்பன் ஒருவன் போன மாதம் ஒரு ரிப்போர்ட்டை அனுப்பினான். எச்சிலைக் குப்பியில் துப்பி அனுப்பினால் 'உயிரியல் வயது' சொல்கிற சோதனையாம். அவனுக்கு வயது 52. ரிப்போர்ட் 58 என்றது. "இதுதானே உன் வேலை, எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லு" என்றான். இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை என்றும் சொன்னான்.

என் வேலை கிட்டத்தட்ட இதுதான். வயது ஏற ஏற, செல்லின் உட்கருவுக்குள் டி.என்.ஏ. எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் சுமார் 2 மீட்டர். அதை வைத்திருக்கும் உட்கருவோ பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இராது. எனவே ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றி, உருண்டைக்கு 147 எழுத்து இணைகள் வீதம், டி.என்.ஏ. நூலாகச் சுற்றப்பட்டிருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் மரபணுக்கள் கைக்கெட்டும்படி தளர்வாக இருக்கும். தேவைப்படாதவற்றில் பெரும்பகுதி இறுகச் சுருட்டி உட்கருவின் ஓரச் சுவரோடு ஒட்டி வைக்கப்பட்டிருக்கும். பரணில் ஏற்றி வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் செல்லுக்கும் மூளைச் செல்லுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். பரணில் எது, கீழே எது என்பதில்தான் வித்தியாசம்.

வயதாகும்போது இந்தப் பரண் தளர்கிறது. நம் மரபணுத் தொகுதியில் கிட்டத்தட்டப் பாதி, ஒரு காலத்தில் தன்னைத்தானே நகலெடுத்து இடம் மாறித் திரிந்த துண்டுகள். பெரும்பாலானவை செத்துப்போனவை. இன்னும் உயிர் இருக்கும் சில, கட்டு தளர்ந்தால் மறுபடி எழுந்து உட்காருகின்றன. அவை எடுக்கும் நகல்களைப் பார்த்துவிட்டு, வைரஸ் புகுந்துவிட்டது என்று நினைத்து செல் அலறுகிறது. முதுமையோடு வரும் நாள்பட்ட அழற்சிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அந்தச் சுவர் எவ்வளவு முக்கியம் என்பதை ஓர் அரிய நோய்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. புரோஜீரியா: குழந்தைப் பருவத்திலேயே முதுமையின் அடையாளங்கள் வேகமாக வந்துவிடும் நோய். சுவரைத் தாங்கும் லாமின் ஏ என்ற புரதத்துக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறுவதால் பெரும்பாலும் இது வருகிறது. இந்த மாற்றத்தை 2003இல் கண்டுபிடித்தார்கள். 50 அமினோ அமிலங்கள் குறைந்த ஒரு புரதம் உருவாகி, சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். நுண்ணோக்கியில் சாதாரண உட்கரு முட்டைபோல வழவழப்பாக இருக்கும். இந்தக் குழந்தைகளின் உட்கருவோ கசக்கிப்போட்ட காகிதம்போல இருக்கும். எத்தனை முறை பார்த்தாலும் மனசு என்னவோ செய்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் சராசரியாக 14 வயதை ஒட்டி, இதய நோயால் போய்விடுகிறார்கள்.

2006இல் அதே கோளாறான புரதம் நோயில்லாத முதியவர்களின் செல்களிலும் துளியளவு இருப்பது தெரிந்தது. உடனே, 'முதுமையின் சூத்திரம் கிடைத்துவிட்டது' என்று ஒரு பரபரப்பு. அவ்வளவு எளிதல்ல. 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லோனாஃபார்னிப் என்ற மருந்து புரோஜீரியா குழந்தைகளின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டுகிறது. ஓர் உரை முடிந்ததும் ஒருவர் என் காதருகே வந்து, "அந்த மாத்திரை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார். இயல்பாக வரும் முதுமைக்கு அது மருந்தல்ல. இளமையைத் திருப்பித் தருவதாக விற்கப்படும் எந்த மாத்திரையும் மனிதர்களின் முதுமையை நிறுத்தியதாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

சரி, நண்பனின் 58க்கு வருவோம். இவ்வகைச் சோதனைகள் டி.என்.ஏ.வின்மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகளை அளக்கின்றன. இவற்றைக் 'கடிகாரங்கள்' என்போம். 2013இல் ஸ்டீவ் ஹார்வத் என்ற ஆய்வாளர் டி.என்.ஏ.வில் இப்படிப்பட்ட 353 இடங்களை வைத்து வயதைக் கணித்துக் காட்டினார். அருமையான வேலை. ஆயிரம் பேரை ஒன்றாக வைத்து ஆராய இது நல்ல கருவி. தனி மனிதருக்கு? பிரபலமான சில கடிகாரங்களில், ஒருவரிடம் எடுத்த அதே மாதிரியை இரண்டு முறை அளந்தால் 9 ஆண்டுகள் வரைகூட விடை மாறலாம் என்று 2022இல் ஓர் ஆய்வு காட்டியது. அவன் தூக்கத்தைக் கெடுத்தது 6 ஆண்டு.

அந்தக் குறிகள் வாழ்க்கையைப் பதிவு செய்வது உண்மை. சிகரெட் பிடிப்பவரின் ரத்தத்தில், ஒரு குறிப்பிட்ட மரபணுவில் அது அப்படியே தெரியும். விட்டுவிட்டால் பல ஆண்டுகளில் மெல்ல மெல்லப் பழைய நிலையை நோக்கித் திரும்பும். நண்பன் சிகரெட் பிடிப்பவன்.

அதைக் கேட்டேன். பேச்சை மாற்றினான். ரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தாய் என்றேன். ஞாபகமில்லை. மறுநாள் போய்ப் பார்த்தான், 150/96. மருத்துவர் ஒரு வாரம் தினமும் அளந்து எழுதி வரச் சொல்லியிருக்கிறாராம். நேற்றும் கூப்பிட்டான். அந்த 58 பற்றித்தான் பேசினான்.