பாட்டி சொல்வதும் சான்றுதான்: மாணவர்களுக்கு வன உரிமைச் சட்டம்

ஜனநாயகத்தில் உரிமை என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால், ஓட்டுப் போடுவது என்பதோடு பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். நான் அடுத்து எடுப்பது 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் உழுது வாழ்ந்த பழங்குடிகளை அரசுப் பதிவேடுகள் ஆக்கிரமிப்பாளர் ஆக்கிவிட்டன. அது வரலாற்று அநீதி என்று இந்தச் சட்டத்தின் முகப்புரையே ஒப்புக்கொள்கிறது. அந்த வரியை நான் கரும்பலகையில் எழுதிப்போடுவேன்.

2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து காட்டு நிலத்தை அனுபவித்துவரும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் உள்ள அளவுக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை உரிமை கிடைக்கும். காட்டை நம்பி வாழும் மற்றவர்கள் 75 ஆண்டு அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரும். நிலம் பிள்ளைகளுக்குச் சேரும், விற்க முடியாது. தேன், மூங்கில் போன்ற சிறு வன மகசூலைச் சேகரிக்கலாம், விற்கலாம். ஊருக்குப் பொதுவான காட்டைக் காக்கும், நிர்வகிக்கும் உரிமையும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி சான்று பற்றியது. மனு முதலில் போவது கிராம சபைக்கு. இரண்டு சான்றாவது வேண்டும். தாள் இல்லாத வீட்டுக்கு வழி என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள். மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுதிவைத்தால் அது ஒரு சான்று. கிராம சபை தேர்ந்தெடுத்த வன உரிமைக் குழு நிலத்தைப் பார்க்க வரும்போது, "எங்க மாமனாரைப் புதைச்சது இங்கதான்" என்று ஒரு பாட்டி கைகாட்டும் இடுகாடு இன்னொரு சான்று. பழைய கிணறு, சாமி கும்பிடும் இடம் எல்லாம் கணக்கில் வரும். செயற்கைக்கோள் படம் துணைக்கு வரலாமே தவிர, இவற்றின் இடத்தைப் பிடிக்க முடியாது.

கிராம சபை முடிவெடுத்த பின் மனு உட்கோட்டக் குழுவுக்கும் (உட்கோட்டம் என்பது மாவட்டத்தின் ஒரு பகுதி), அங்கிருந்து மாவட்டக் குழுவுக்கும் போகும். கிராம சபையோ உட்கோட்டக் குழுவோ மறுத்தால் 60 நாளுக்குள் மேலே முறையிடலாம். பரிசீலனை முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது. இதைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளட்டும்.

கிராம சபைக்கு எவ்வளவு வலு என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நான் ஒடிசாவின் நியமகிரி மலையைச் சொல்வேன். அங்கே அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்குச் சுரங்கம் வேண்டுமா என்பதைக் கிராம சபைகளே பேசட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே வாழும் டோங்ரியா கோந்து பழங்குடி மக்களுக்கு அந்த மலை தெய்வம். சபை கூடிய 12 ஊர்களும் வேண்டாம் என்றன.

அடுத்த வகுப்பில் ஒரு கிராம சபையை நடத்திப் பாருங்கள். உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். எண்ணிப் பார்க்கும் வேலையை மாணவிகளிடமே கொடுங்கள்.